தண்டனைக்குப் பின்: மைக்கேல் விக்கும் 47 நாய்களும்

(சற்று நீண்ட பதிவு. வரலாறும் சட்டமும் பயிலும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுவதால் சில வழக்கு விவரங்களைச் சுருக்க இயலவில்லை. பொறுமையுள்ளோர் வாசிக்கலாம்.)

விலங்குகளை வதைத்த விளையாட்டு வீரருக்கு மறுவாய்ப்பு அளிக்கலாமா என்ற கேள்வி எங்கு எழுந்தாலும், உரையாடல் சிறிது நேரத்தில் மைக்கேல் விக்கிடம் வந்து நின்றுவிடுகிறது. 2024 டிசம்பரில் வர்ஜீனியாவிலுள்ள நார்ஃபோக் மாநிலப் பல்கலைக்கழகம் அவரைத் தன் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தபோதும் அதுவே நடந்தது. தண்டனையை முழுவதும் அனுபவித்தவரை வாழ்நாள் முழுதும் துரத்தலாகாது என்றனர் ஒரு சாரார். அவர் செய்ததற்கு எந்தத் தண்டனையும் போதாது என்றனர் மறுசாரார். 2009இல் சொல்லப்பட்டவையும் இவையே. 15 ஆண்டுகளில் வாதம் ஓர் அடிகூட நகரவில்லை.

அது நகராமைக்குக் காரணம், இரு சாராரும் ஒரே ஊகத்திலிருந்து தொடங்குவதே என்று கருதுகிறேன். விக் விலங்குவதைக்காகத் தண்டிக்கப்பட்டார் என்பது அந்த ஊகம். வழக்கின் வரலாற்றைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் அது சரியன்று என்பது விளங்கும்.

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த உதைபந்து அன்று. பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது. அதில் அணியின் தாக்குதலை நடத்துபவர் குவார்ட்டர்பேக். விக் 2001இல் தொழில்முறை வீரர் தேர்வில் முதல் ஆளாக அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்குத் தேர்வானார். 2004 டிசம்பரில் அவ்வணியுடன் அவர் செய்துகொண்ட பத்தாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 13 கோடி டாலர். வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் நகரில் அரசுக் குடியிருப்பு ஒன்றில் வறுமையில் வளர்ந்த கறுப்பின இளைஞர் எய்திய உயரம் அது. தேர்வான அதே 2001இல் அவர் வர்ஜீனியாவின் சர்ரி கவுண்டியில், மூன்லைட் சாலையில், ஏறத்தாழ 34,000 டாலருக்கு ஒரு நிலத்தையும் வாங்கினார். வெளிப்பார்வைக்கு அமைதியான நாட்டுப்புறச் சொத்து. அதன் பின்புறத்தில் கறுப்பு வண்ணம் பூசிய கொட்டகைகள் இருந்தன. ‘பேட் நியூஸ் கென்னல்ஸ்’ என்ற பெயரில் நாய்ச்சண்டைத் தொழில் ஆறாண்டு காலம் அங்குதான் நடந்தது.

2007 ஏப்ரல் 25 அன்று காவலர்கள் அங்கே சென்றது நாய்களைத் தேடி அன்று. விக்கின் உறவினர் ஒருவர் மீதான போதைப்பொருள் விசாரணையை ஒட்டிய சோதனை அது. கண்டெடுத்தவையோ சங்கிலியில் கட்டப்பட்ட பிட்புல் நாய்களும், சண்டைக்குப் பழக்கும் கருவிகளும். ஜூலையில் விக் மீதும் மூவர் மீதும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. சண்டையில் சோர்ந்த நாய்களையும் சோதனையில் ஊக்கம் காட்டாத நாய்களையும் கொன்ற முறைகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக விவரிக்கப்பட்டுள்ளன: தூக்கிலிடுதல், நீரில் அமிழ்த்துதல், மின்சாரம் பாய்ச்சுதல், சுடுதல், தரையில் ஓங்கி அடித்தல். அரசு ஆவணத்தின் உணர்ச்சியற்ற நடையில் அப்பட்டியலைப் படிப்பது எளிதன்று.

ஆனால் விக் ஆகஸ்டில் ஒப்புக்கொண்ட குற்றத்தின் சட்டப்பெயர் வதை அன்று, சதி. சட்டவிரோதத் தொழிலுக்காக மாநில எல்லை கடந்து பயணிக்கவும், விலங்குச் சண்டையில் நாயை இறக்கவும் கூடிச் சதி செய்தமை. இதற்குக் காரணம் உண்டு. அக்காலத்துக் கூட்டாட்சிச் சட்டத்தில் விலங்குச் சண்டை சிறுகுற்றம் மட்டுமே. அதைப் பெருங்குற்றமாக உயர்த்திய சட்டத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட நாள் 2007 மே 3, அதாவது அந்தச் சோதனை நடந்த எட்டாம் நாள். முன்பே நடந்து முடிந்த செயல்களுக்கு அது பொருந்தாது. ஆகவே வழக்குரைஞர்கள் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கவல்ல சதிப் பிரிவை நாடினர். பின்னர் 2008 நவம்பரில் மாநில நீதிமன்றத்திலும் விக் நாய்ச்சண்டைக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அங்கே உடன் சுமத்தப்பட்டிருந்த விலங்குவதைக் குற்றச்சாட்டு, ஒப்புதல் உடன்பாட்டின்படி கைவிடப்பட்டது. மூன்றாண்டுச் சிறைத்தண்டனையும் நிறுத்திவைக்கப்பட்டது.

சுருங்கச் சொன்னால், உலகம் எதற்காக அவரை வெறுத்ததோ, அச்செயலுக்காக எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று அறிவிக்கவில்லை. தொழில் தண்டிக்கப்பட்டது, சூதாட்டம் தண்டிக்கப்பட்டது, எல்லை கடந்த பயணம் தண்டிக்கப்பட்டது. வதைக்குத் தனிக்கணக்கு எழுதப்படவில்லை. நீதிபதி ஹென்றி ஹட்சன் இதை உணர்ந்திருந்தார் போலும். ஒப்புதல் உடன்பாட்டில் கருதப்பட்ட 12 முதல் 18 மாத வரம்பைத் தாண்டி, 2007 டிசம்பர் 10 அன்று அவர் 23 மாதச் சிறை விதித்தார். நாய்களைக் கொன்றதில் தமக்கிருந்த பங்கை விக் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை என்பது அவர் சுட்டிய காரணங்களுள் ஒன்று.

இங்கே சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். விலங்குச் சண்டையைச் சட்டம் தண்டிக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே, யாருடைய கொடுமை குற்றமாகும் என்ற கேள்வி கூடவே வந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1822ஆம் ஆண்டின் மார்ட்டின் சட்டம் குதிரையையும் கால்நடையையும் காத்தது. 1835இன் சட்டம் நாய்ச்சண்டை, சேவற்சண்டை, கரடிவதை ஆகியவற்றுக்கான களங்களை மூடியது. அவை பெரும்பாலும் உழைக்கும் மக்கள் கூடிய களங்கள். நிலக்கிழார்களின் நரிவேட்டையை அச்சட்டம் தொடவில்லை. வேட்டைநாய்களைக் கொண்டு நரியைத் துரத்திக் கொல்வதற்கு இங்கிலாந்தில் தடை வந்தது 2004இன் சட்டத்தால், 169 ஆண்டுகள் கழித்து. ஏழையின் கேளிக்கையை மட்டும் ஒழுக்கக்கேடு என்று ஒறுக்கும் சீர்திருத்தக்காரர்களைச் சிட்னி ஸ்மித் 1809இலேயே எள்ளி எழுதியிருக்கிறார். அட்லாண்டிக்கின் மறுகரையிலும் கதை வேறன்று. 1866இல் ஹென்றி பெர்க் நிறுவிய விலங்குவதைத் தடுப்புச் சங்கம் நியூயார்க்கில் புகழ்பெற்றது, துறைமுகத்தை ஒட்டிய வாட்டர் தெருவில் கிட் பர்ன்ஸ் நடத்திய எலி, நாய்ச்சண்டைக் களத்தின் மீதான தாக்குதலால்.

இந்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு, விக் வழக்கில் கறுப்பின மக்கள் பலர் காட்டிய ஐயம் வியப்பளிக்காது. மான்வேட்டை ஆடுபவர்களும், தொழிற்பண்ணை இறைச்சியை உண்பவர்களும், கறுப்பின வீரர் ஒருவரைப் பார்த்து விலங்குநேயம் பேசினால் அதில் வேறெதுவும் கலந்திருக்கவில்லையா என்று அவர்கள் கேட்டனர். 2009 மார்ச்சில் டாண்டே ஸ்டால்வொர்த் என்ற வீரர் மதுபோதையில் காரோட்டி ஒருவரைக் கொன்றதும், அதற்கு 30 நாள் சிறை பெற்றதும் இந்த வாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்டன. மனித உயிருக்கு ஒரு மாதம், நாய்களுக்கு 23 மாதமா? ஸ்டால்வொர்த்தும் கறுப்பினத்தவரே என்பதாலும், கவனமின்மையும் ஆறாண்டுத் திட்டமிடலும் ஒன்றல்ல என்பதாலும் இந்த ஒப்பீடு தோற்றமளிக்கும் அளவுக்கு வலுவானதன்று. ஆயினும் ஐயம் பொய்யன்று. தண்டிக்கும் கை எப்போதும் சமமாக ஓங்கப்பட்டதில்லை.

ஆனால் இந்த ஐயத்திலிருந்து விக்குக்கு மன்னிப்பு என்னும் முடிவு எப்படிப் பிறக்கிறது? நரிவேட்டையைத் தண்டிக்கத் தவறியது சட்டத்தின் குறை. அதனால் நாய்ச்சண்டை குறைந்த குற்றமாகிவிடவில்லை. சிறுவயதிலேயே தம் குடியிருப்பில் நாய்ச்சண்டைகளைக் கண்டு வளர்ந்ததாக விக் கூறியிருக்கிறார். அதை நம்புகிறேன். சூழல் எங்கிருந்து தொடங்கியது என்பதை அது விளக்கும். 13 கோடி டாலர் ஒப்பந்தம் கையிலிருந்த ஒருவர் அதை ஏன் தொடர்ந்தார் என்பதை விளக்காது.

இனி நாய்கள். இவ்வழக்கில் வரலாற்றாசிரியரை உண்மையில் ஈர்க்க வேண்டியது, தலைப்புச் செய்திகளில் பின்தங்கிப்போன இந்தப் பகுதியே.

சண்டைக்காரர்களிடமிருந்து கைப்பற்றிய நாய்களுக்கு அதுவரை இருந்த வழக்கம் எளிமையானது. வழக்கு முடியும் வரை அவை சாட்சியப் பொருள். முடிந்ததும் ஊசி போட்டுக் கொல்லப்படும். அவை திருத்த முடியாதவை, மனிதருக்கும் பிற விலங்குக்கும் ஆபத்தானவை என்பது முடிந்த முடிவாக இருந்தது. விக்கின் நாய்களையும் கொல்வதே தகும் என்று முதலில் கருதியவர்கள் வேறு யாருமல்லர். அமெரிக்காவின் மிகப் பெரிய விலங்குநல அமைப்புகளான ஹியூமேன் சொசைட்டியும் பீட்டாவும்தாம்.

வழக்கு, நாய்களையே எதிர்த்தரப்பாகக் கொண்டு, ‘அமெரிக்க ஐக்கிய நாடு எதிர் ஏறத்தாழ 53 பிட்புல் நாய்கள்’ என்ற பெயரில் பறிமுதல் வழக்காக நடந்தது. ‘ஏறத்தாழ’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டத்தின் கண்ணுக்கு அவை அப்போது எண்ணிக்கை மட்டுமே, அதுவும் தோராயமான எண்ணிக்கை. பிறகு ஒரு மாறுதல் நிகழ்ந்தது. விலங்குநடத்தை வல்லுநர் குழுவொன்று நாய்களைத் தனித்தனியே சோதித்தது: உணவை எடுத்தால் உறுமுகிறதா, அந்நியரைக் கண்டால் என்ன செய்கிறது, வேறொரு நாயின் எதிரில் எப்படி நிற்கிறது. பெரும்பாலானவற்றிடம் அவர்கள் கண்டது வெறியன்று, அச்சம். சோதிக்கப்பட்ட 49இல் ஒன்றே ஒன்றுதான் மூர்க்கத்தின் காரணமாகக் கொல்லப்பட்டது, மற்றொன்று நோயினால். எஞ்சிய 47 நாய்களின் எதிர்காலத்தை முடிவு செய்யச் சட்டப் பேராசிரியர் ரெபெக்கா ஹஸ் என்பவரை நீதிமன்றம் தனிப்பொறுப்பாளராக நியமித்தது. எட்டு மீட்பு அமைப்புகளிடம் அவை பிரித்தளிக்கப்பட்டன. அவற்றுள் 22, யூட்டா மாநிலத்தில் கனாப் ஊரிலுள்ள ‘பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ்’ காப்பகத்துக்குச் சென்றன.

இந்தப் பராமரிப்புச் செலவு யாருடையது? விக்குடையது. 9,28,073 டாலர் செலுத்த வேண்டும் என்பது ஒப்புதல் உடன்பாட்டின் பகுதி. அவருக்கு விதிக்கப்பட்ட அனைத்திலும் வதைக்கப்பட்ட உயிர்களை நேராகச் சென்றடைந்தது இந்த ஒன்றுதான் என்பதால் இதை முதன்மையாகக் கருதுகிறேன். 23 மாதச் சிறை எந்த நாய்க்கும் ஒரு வேளை உணவளிக்கவில்லை.

பிறகு நடந்தவை ஓரளவு எதிர்பாராதவை. லியோ என்ற நாய் கலிபோர்னியாவில் புற்றுநோயாளிகளைச் சந்திக்கும் ஆற்றுப்படுத்தும் நாயாகப் பயிற்சி பெற்றது. ஜானி ஜஸ்டிஸ் என்பதன் அருகில் அமர்ந்து நூலகத்தில் குழந்தைகள் உரக்க வாசித்துப் பழகினர். சண்டைக்களத்தில் வெற்றிகளைக் குவித்த லூக்கஸ், மனிதரிடம் மிகுந்த அன்பு காட்டியபோதும், நீதிமன்ற ஆணைப்படி இறுதிவரை காப்பகத்தை விட்டு வெளியேற அனுமதிக்கப்படவில்லை. 2013இல் அங்கேயே இறந்தது. எல்லா நாய்களும் மீளவுமில்லை. சில தம் வாழ்நாள் முழுதும் கதவு திறக்கும் ஓசைக்கு நடுங்கின. இதை மறைத்து எழுதப்படும் இனிய கதைகளில் எனக்கு உடன்பாடில்லை.

2009இல் ஹியூமேன் சொசைட்டி தன் பழைய நிலைப்பாட்டைக் கைவிட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் வட கரோலினாவில் வேறொரு வழக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டுப் பெரும் கண்டனம் எழுந்த பிறகு, கைப்பற்றப்படும் ஒவ்வொரு நாயையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும் என்ற கொள்கைக்கு அது வந்தது. விக் வழக்கின் நாய்கள் அதற்கு முன்னுதாரணமாக நின்றன. அதே 2009இல், சிறையிலிருந்து வந்த விக்கை அழைத்துக்கொண்டு இளைஞர்களிடையே நாய்ச்சண்டைக்கு எதிராகப் பேசவைத்ததும் அதே அமைப்பு. மனிதனுக்கு மறுவாய்ப்பு உண்டு என்பதை உடனே கண்ட அமைப்புக்கு, நாய்க்கும் அது உண்டு என்பதைக் காண ஈராண்டு பிடித்தது. குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. மறுவாய்ப்பு என்ற சொல்லை உச்சரிக்கும்போது நம் மனத்தில் இயல்பாக யார் வந்து நிற்கிறார் என்பதை இது காட்டுகிறது.

விக்கின் மீள்வரவை விரைவாகச் சொல்லிவிடலாம். சிறையிலிருந்தபோது, 2008 ஜூலையில் அவர் திவால் மனு அளித்தார். 2009 மே மாதம் வீட்டுக்காவலுக்கு மாறினார். ஜூலையில் தண்டனைக்காலம் முடிந்தது. அதே மாதம் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆணையர் ரோஜர் குடெல் நிபந்தனைகளுடன் அவருக்கு அனுமதி அளித்தார். ஓய்வுபெற்ற பயிற்சியாளர் டோனி டன்ஜி வழிகாட்டியானார். ஆகஸ்ட் 13 அன்று ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. 2010 பருவத்தின் ‘சிறந்த மீள்வரவு வீரர்’ விருது அவருக்கே. 2011 ஆகஸ்டில் ஆறாண்டுகளுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம். 2007இல் அவரைக் கைவிட்ட நைக் நிறுவனமும் 2011இல் திரும்பி வந்தது.

2010 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஒபாமா ஈகிள்ஸ் உரிமையாளரிடம் தொலைபேசியில் பேசியபோது, விக்குக்கு வாய்ப்பளித்ததைப் பாராட்டினார் என்ற செய்தி வெளிவந்தது. சிறைசென்றவர்களுக்கு வெளியே சமமான களம் கிடைப்பதேயில்லை என்பது அவருடைய கவலை. மறுபுறம், விக்குக்கு மரண தண்டனையே விதித்திருக்க வேண்டும் என்று தொலைக்காட்சியில் கூறினார் டக்கர் கார்ல்சன். பின்னர் மிகைபடப் பேசிவிட்டதாக ஒப்புக்கொண்டார்.

ஒபாமாவின் கவலை மிகச் சரியானது. அவர் சுட்டிய எடுத்துக்காட்டுதான் பொருந்தவில்லை. விக்குடன் அதே வழக்கில் தண்டிக்கப்பட்ட மூவர் இருந்தனர். அதே நிலம், அதே நாய்கள், அதே குற்ற ஒப்புதல். அவர்கள் பெற்ற தண்டனை முறையே 21, 18, 2 மாதங்கள். அவர்களுக்கு மறுவாய்ப்பு அளிக்கலாமா என்று எந்த ஊடகமும் விவாதம் நடத்தவில்லை. குடியரசுத் தலைவர் எவரையும் தொலைபேசியில் அழைக்கவுமில்லை. பந்தை 60 கெஜம் எறியத் தெரியாதவருக்கு இக்கேள்வியே எழுவதில்லை. ஆகவே, ‘வீரருக்கு மறுவாய்ப்பு’ என்று நாம் விவாதிப்பது பெரும்பாலும் மன்னிப்பைப் பற்றிய விவாதமன்று. திறமையின் சந்தை விலையைப் பற்றியது.

இங்கிலாந்தில் இதை இன்னும் வெளிப்படையாகக் கண்டோம். வெஸ்ட் ஹாம் அணியின் தடுப்பாட்டக்காரர் கர்ட் ஜூமா தம் வீட்டுப் பூனையை உதைக்கும் காணொளி 2022 பிப்ரவரி 7 அன்று வெளியானது. மறுநாள் அவர் களமிறங்கினார். பார்வையாளர்கள் ஒவ்வொரு முறை அவர் பந்தைத் தொட்டபோதும் கூச்சலிட்டனர். அணி இரண்டு வார ஊதியத்தை அபராதமாகப் பிடித்தது, அடிடாஸ் விலகியது. ஜூன் மாதம் நீதிமன்றம் 180 மணி நேரச் சமூகப்பணியும், ஐந்தாண்டு பூனை வளர்க்கத் தடையும் விதித்தது. இதில் மறுவாய்ப்பு எங்கே இருக்கிறது? முதல் வாய்ப்பே ஒரு நாளும் தடைபடவில்லை. இதைவிட, பயிற்சியின்போது குதிரையின் கால்களில் சாட்டையால் மீண்டும் மீண்டும் அடித்த காணொளி வெளிவரவிருந்த நிலையில் பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து தாமே விலகிய சார்லட் டுஜார்டின் விவகாரம் ஒருவகையில் நேர்மையானது. அவர் ஆறு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற குதிரையேற்ற வீராங்கனை. பன்னாட்டுக் கூட்டமைப்பு ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் விதித்தது. தடை முடிந்து 2025இல் திரும்பினார். ஆனால் அவருடைய விளையாட்டில் விலங்கு வீட்டிலில்லை, களத்திலேயே இருக்கிறது. திரும்பி வருபவர் மீண்டும் ஒரு குதிரையின் மீதுதான் ஏறவேண்டும். விக்குக்குப் பொருந்தும் விடை அவருக்கு அப்படியே பொருந்தாது.

நம் நாட்டில் இக்கேள்வி எழாமைக்கு வேறு காரணம் உண்டு. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, கேளிக்கைக்காக விலங்குகளைச் சண்டையிடத் தூண்டுவதையும் உள்ளடக்கியது. முதல் குற்றத்துக்கு அது விதிக்கும் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல். 1960இல் அத்தொகைக்கு ஒரு பொருள் இருந்தது. இன்று அது வாகனம் நிறுத்தும் கட்டணம். தண்டனையே இல்லாத இடத்தில் தண்டனைக்குப் பின் என்ன என்று கேட்க வழியில்லை.

விக்கின் கதையை மட்டும் வைத்து ‘மறுவாய்ப்பு பலிக்கிறது’ என்று சொல்பவர்களுக்கு இன்னொரு பெயரை நினைவூட்ட வேண்டும். லேஷான் ஜான்சன் 1990களில் கிரீன் பே பேக்கர்ஸ் உள்ளிட்ட அணிகளுக்கு ஆடியவர். ஓய்வுக்குப் பின் ஓக்லஹோமாவில் நாய்ச்சண்டைக் கூடம் நடத்தியதாக எழுந்த மாநில வழக்கில் 2004இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்; தண்டனை ஒத்திவைக்கப்பட்டது. 20 ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபரில், கூட்டாட்சி அதிகாரிகள் அவரிடமிருந்து 190 பிட்புல் வகை நாய்களைக் கைப்பற்றினர். கூட்டாட்சி நாய்ச்சண்டை வழக்குகளில் ஒரே ஆளிடமிருந்து கைப்பற்றப்பட்டவற்றில் இதுவே மிகப் பெரிய எண்ணிக்கை. 2025 கோடையில் நடுவர் குழு அவரை ஆறு பெருங்குற்றங்களில் குற்றவாளி என்று தீர்மானித்தது.

இருவருக்கும் என்ன வேறுபாடு? ஒருவர் நல்லவர், மற்றவர் தீயவர் என்று சொல்ல என்னிடம் கருவி இல்லை. வரலாற்றாசிரியர் இதயத்தை அளப்பவரல்லர். வெளியில் தெரியும் வேறுபாடுகளைச் சொல்லலாம். ஜான்சன் 2004இல் பெற்றது விலையில்லா மன்னிப்பு. விக் சிறை சென்றார். ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் நாய்களுக்காகக் கட்டினார். நன்னடத்தைக் கண்காணிப்புக் காலத்தில் நாய் வளர்க்கத் தடை பெற்றார். ஊர் ஊராகச் சென்று தாம் செய்ததைத் தம் வாயால் சொல்லவேண்டியிருந்தது. 2011 ஜூலையில், நாய்ச்சண்டையைப் பார்க்கச் செல்வதையும் குழந்தைகளை அழைத்துச் செல்வதையும் குற்றமாக்கும் மசோதாவுக்கு ஆதரவாக வாஷிங்டனில் பேசினார். 2014இல் அது வேளாண் சட்டத்தின் பகுதியாக நிறைவேறியது. இவற்றையெல்லாம் அவர் உளமாரச் செய்தாரா, தம் பெயரை மீட்கச் செய்தாரா என்ற கேள்வியை நான் பொருட்படுத்துவதில்லை. சண்டைக்களத்துக்கு அழைத்துச் செல்லப்படாத ஒரு சிறுவனுக்கு அந்த வேறுபாடு தேவைப்படாது.

என் நிலைப்பாட்டைக் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். தண்டனை முடித்தவர் உழைத்துப் பிழைக்கும் உரிமை, அவர் வீரரா தச்சரா என்று பார்த்து வருவதன்று. சிறைமீண்டவரைப் பட்டினி போடும் சமூகத்தில் குற்றம் குறைந்ததாக வரலாறு இல்லை. ஆகவே விக் ஆடியதில் எனக்கு மறுப்பில்லை. திவாலான அவருடைய கடன்காரர்களுக்கு அவர் பல ஆண்டுகள் உழைத்துத் திருப்பிச் செலுத்தியதும் அந்த ஆட்டத்தால்தான். ஆனால் பிழைப்பு வேறு, பெருமை வேறு. 2020 ஜனவரியில் நட்சத்திர ஆட்டத்துக்கு அவரைக் கௌரவத் தலைவராக அமர்த்தியபோது லட்சக்கணக்கானோர் எதிர்த்துக் கையொப்பமிட்டனர். அவர்களை இரக்கமற்றவர்கள் என்று நான் கருதவில்லை. கௌரவம் யாருக்கும் கடன்பட்ட பொருளன்று. அதை மறுப்பது தண்டனையுமன்று.

பயிற்சியாளர் பதவி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதனால்தான் கடினமானது. இளைஞர்களைக் கையில் ஒப்படைக்கும் பதவி அது. நார்ஃபோக் மாநிலப் பல்கலைக்கழகம் வரலாற்றுவழிக் கறுப்பினப் பல்கலைக்கழகம். விக் பிறந்த ஊருக்கு மிக அருகில் உள்ளது. அவர் வளர்ந்தது போன்ற குடியிருப்புகளிலிருந்து அங்கே மாணவர்கள் வருகின்றனர். வீழ்ந்து எழுந்த ஒருவரின் சொல்லுக்கு அங்கே எடை இருக்கும் என்பது ஒரு நியாயம். அந்தச் சொல்லில் நாய்களும் இடம்பெறுகின்றனவா, அல்லது ‘கடினமான காலம்’ என்ற மங்கலச் சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றனவா என்பதை வைத்தே நான் அதை மதிப்பிடுவேன்.

இத்தனை விவாதத்திலும் ஒரு தரப்பிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் இயலாது. மனிதக் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் மன்னிக்கலாம், மறுக்கலாம். நீதிமன்றத்தில் எழுந்து பேசலாம். இங்கே மன்னிக்க உரிமையுள்ளவருக்கு மொழி இல்லை. அவர் சார்பில் மன்னிப்பதாக நாம் கூறும்போதும், மன்னிக்க மறுப்பதாகக் கூறும்போதும், இரண்டுமே நம் குரல்தான்.

2012இல், தடைக்காலம் முடிந்த பின், தம் மகள்களுக்காக விக் ஒரு நாயை வாங்கியதாகத் தெரியவந்தபோது அமெரிக்கா மீண்டும் ஒருமுறை கொந்தளித்தது. அந்த ஆண்டில் மூன்லைட் சாலையிலிருந்து மீட்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை பல மாநிலங்களின் வீடுகளில் முதுமையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தன. அவற்றுள் கடைசியாக எஞ்சிய ஃப்ரோடோ என்ற நாய், கலிபோர்னியாவில் தன்னைத் தத்தெடுத்த குடும்பத்துடன் வாழ்ந்து, 2021 டிசம்பரில் இறந்தது. மீட்கப்பட்டபோது அது சில மாதக் குட்டி.